ஆட்டுக்கல்லில் நின்ற தண்ணீர்

எங்கள் வீட்டில் மூன்று நீல டிரம், ஏழு குடம், இரண்டு அண்டா, பின்பக்கம் ஒரு சிமெண்ட் தொட்டி. இத்தனைக்கும் தரைக்கு அடியில் சம்ப் இருக்கிறது, மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் டேங்க் இருக்கிறது. மடிப்பாக்கத்தில் தரைத்தளத்தில் நாலு பேர் குடியிருக்கும் வீட்டுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாயிற்று.

அம்மா கடையநல்லூர்க்காரி. குழாயில் தண்ணீர் வரும் நாளை வைத்தே வாரத்தைக் கணக்குப் போட்டவள். "தண்ணி வருதுன்னு சத்தம் கேட்டா, சோத்துத் தட்டைப் போட்டுட்டு எந்திரிச்சு ஓடுவோம்" என்பாள். அப்பா போன பிறகு சென்னைக்கு எங்களோடு வந்துவிட்டாள். வரும்போது லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தது இரண்டு பொருள்: ஒரு பித்தளை அண்டா, பாட்டி மாவாட்டிய ஆட்டுக்கல். அண்டா சமையலறைக்குப் போனது. ஆட்டுக்கல்லைத் தூக்க நாலு ஆள் வேண்டும் என்பதால் இறக்கிவைத்த இடத்திலேயே, பின்பக்க சன்ஷேடுக்குக் கீழே, நின்றுவிட்டது. குழவி ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நாலு ஏரியும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த வருஷம் அம்மா சொன்னது சரி என்று ஆகிவிட்டது. தெருவே டிரம் வாங்கியது. மழை வந்து ஏரி நிறைந்த பிறகும் யாரும் டிரம்மை வெளியே போடவில்லை. நாங்களும்தான்.

கொசுவைப் பற்றி எங்களுக்கு அப்போது இருந்த ஞானம் இவ்வளவுதான்: கொசு வெளியிலிருந்து வரும். சாக்கடையிலிருந்து, காலி மனையில் தேங்கிய தண்ணீரிலிருந்து, குப்பைத் தொட்டியிலிருந்து. எனவே சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு எங்கள் வீட்டில் ஒரு போர்ப் பயிற்சி நடக்கும். ஜன்னல்களைச் சாத்துவது மனைவி, லிக்விடைச் சொருகுவது நான், கொசு பேட்டை எடுத்துக்கொண்டு சோபா சோபாவாகத் தாவுவது மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள். பட் பட்டென்று பொறி பறந்தால் அன்றைக்கு வெற்றி. விடிந்ததும் ஜன்னலைத் திறந்து, லிக்விடை அணைத்துவிடுவோம். கரண்டு பில் இருக்கிறதே.

மகளுக்கு அந்த ஐப்பசி மாதத்தில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காய்ச்சல் வந்தது. 103 டிகிரி. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள். பிள்ளைகள் தலை வலிக்கிறது என்பார்கள், வயிறு வலிக்கிறது என்பார்கள். கண்ணுக்குப் பின்னால் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அப்போதே உறைத்திருக்க வேண்டும். நான் தெருமுனை மருந்துக் கடையில் போய், காய்ச்சல், உடம்பு வலி என்றேன். அவர் வலிக்கும் காய்ச்சலுக்கும் சேர்த்து ஒரு சிரப் கொடுத்தார். இரண்டு வேளை கொடுத்தேன்.

வியாழக்கிழமை குழந்தை மருத்துவர் அந்த பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இதுல இப்யூபுரூஃபன் இருக்கு. டெங்குவா இருந்தா இது ரத்தக் கசிவைக் கூட்டும். மழைக்காலத்துல எந்தக் காய்ச்சல் வந்தாலும், என்னன்னு தெரியற வரைக்கும் பாரசிட்டமால் மட்டும்தான். எடைக்கு ஏத்த அளவு." ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் எல்லாம் இதே பட்டியலில் வரும் என்றார். அன்றைக்கே என்எஸ்1 பரிசோதனை எழுதினார். காய்ச்சல் கண்ட முதல் ஐந்து நாளுக்குள் வைரஸின் புரதத்தையே ரத்தத்தில் பிடிக்கும் சோதனை அது. அதற்குப் பிறகு வந்தால் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளான ஐஜிஎம்மைத்தான் தேட வேண்டும். சாயங்காலமே முடிவு வந்தது. பாசிட்டிவ்.

பிளேட்லெட் எவ்வளவு என்றுதான் என் வாயில் முதலில் வந்தது. நம் ஊரில் டெங்கு என்றாலே எல்லார் வாயிலும் வருவது அந்த எண்தான். கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி கேட்கிறோம். அவர் ரிப்போர்ட்டில் வேறு ஒரு வரியைக் காட்டினார்: பிசிவி. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு. டெங்குவில் ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிகிறது. கசியக் கசிய ரத்தம் கெட்டியாகிறது, பிசிவி ஏறுகிறது. ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் அந்தக் கசிவுதான். பிளேட்லெட் குறைந்துவிட்டது என்பதற்காக மட்டும், ரத்தப்போக்கு இல்லாத பிள்ளைக்கு பிளேட்லெட் ஏற்ற வேண்டியதில்லை என்று அவர் சொன்னபோது நான் பாதிதான் நம்பினேன்.

பிறகு ஒன்று கேட்டார். "வீட்டுல வேற யார் இருக்காங்க?"

மனைவி, நான், அம்மா என்றேன்.

"அம்மாவுக்கு முன்னாடி டெங்கு வந்திருக்கா?"

வந்திருந்தது. 2012ல் தமிழ்நாட்டில் 12,000 பேருக்கு மேல் டெங்கு கண்டு, 66 பேர் இறந்தார்கள். அந்த அலையின் நடு இடமே அன்றைய திருநெல்வேலி மாவட்டமும் எங்கள் கடையநல்லூரும்தான் (தென்காசி தனி மாவட்டம் ஆனது அதற்கு ஏழு வருஷம் கழித்து). அம்மா அப்போது பத்து நாள் படுத்து எழுந்தாள். டெங்கு வைரஸில் நாலு வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த வகை மறுபடி வராது. ஆனால் வேறு வகை வந்தால், முதல் தடவையைவிட மோசமாகப் போக வாய்ப்பு அதிகம். அம்மா இந்த இரண்டாம் தடவைக்காரி. அவள்தான் இரவும் பகலும் பேத்தியின் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள்.

"பொண்ணைக் கொசுவலைக்குள்ள படுக்க வைங்க. பகல்லயும்" என்றார் மருத்துவர். "காய்ச்சல் இருக்கற நாட்கள்ல இவளைக் கடிக்கிற கொசு வைரஸை வாங்கிக்கும். எட்டுப் பன்னிரண்டு நாள் கழிச்சு அது உங்க அம்மாவைக் கடிச்சா, அடுத்த கேஸ் அவங்க."

கொசுவலை என்பது உள்ளே இருப்பவரைக் காப்பதற்கு என்றுதான் நாற்பது வருஷமாக நினைத்திருந்தேன்.

பட்டப்பகல் பதினொரு மணிக்குக் கட்டிலில் வலை கட்டிய வீடு எங்கள் தெருவில் எங்களுடையதாகத்தான் இருக்கும். பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவுக்கோ கோபம். "பிள்ளையை ஏன்லே கூண்டுல அடைச்ச மாதிரி வச்சிருக்கே?" என்று வலையைத் தூக்கித் தூக்கி உள்ளே கையை விட்டாள். காரணத்தை நான் அவளிடம் சொல்லவில்லை. உனக்காகத்தான் என்று சொன்னால் வலையைக் கழற்றியே போட்டிருப்பாள்.

வெள்ளிக்கிழமை இரவு காய்ச்சல் இறங்கியது. சனிக்கிழமை காலை 98.4. வீட்டில் திருவிழா. மனைவி இட்லி ஊற்றினாள். அம்மா திருஷ்டி கழித்தாள். மருத்துவருக்கு போன் செய்து நன்றி சொன்னேன். அவர் குரலில் மகிழ்ச்சியே இல்லை. "இனிமேதான் பார்க்கணும். அடுத்த ரெண்டு நாள் கவனமா இருங்க. வயித்து வலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம், கை கால் சில்லுன்னு ஆகறது, சோர்ந்து படுக்கறது, இல்ல ஒரேயடியா அலட்டறது, எது வந்தாலும் உடனே கிளம்பி வந்துடுங்க. ஆறு மணி நேரம் சிறுநீர் போகலைன்னாலும் வரணும்."

காய்ச்சல் விடும் நேரத்தில்தான் கசிவு உச்சத்துக்குப் போகிறது. இது தெரியாமல் எத்தனை வீடுகளில் அந்த நாளைக் கொண்டாடியிருப்பார்களோ.

இதற்கு நடுவில் பப்பாளி இலைச் சாறு வந்தது. மேல் வீட்டு அக்கா அன்போடு அரைத்துக் கொடுத்தார், மறுக்க முடியவில்லை. ஒரு மடக்குக் குடித்து மகள் மூன்று தடவை வாந்தி எடுத்தாள். இப்போது இது டெங்குவின் அபாய வாந்தியா, பப்பாளியின் கசப்பு வாந்தியா? யாராலும் சொல்ல முடியவில்லை. இந்தக் குழப்பம் ஒன்றுக்காகவே அந்த நாட்களில் புதுச் சரக்கு எதையும் வயிற்றுக்குள் அனுப்பக் கூடாது என்பது இன்றைக்கு என் கட்சி. அரசாங்கமே கொடுத்த நிலவேம்புக் குடிநீர் எங்கள் வீட்டிலும் உண்டு. நிலவேம்பு, வெட்டிவேர், சுக்கு, மிளகு என்று ஒன்பது சரக்கு. காய்ச்சலுக்கு அம்மா அதைத்தான் நம்புவாள், நானும் குடித்திருக்கிறேன். ஆனால் ரத்தக் குழாயிலிருந்து கசியும் நீருக்குப் பதில் நீர் போக வேண்டும். கஞ்சி, இளநீர், ஓஆர்எஸ். அது போதாதபோது டிரிப்ஸ்.

எங்களுக்குப் போதவில்லை. சனிக்கிழமை மாலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரி. நர்ஸ் ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்று எழுதச் சொன்னார். என் வாழ்க்கையில் இவ்வளவு அக்கறையாக எந்தக் கணக்கும் எழுதியதில்லை. திங்கட்கிழமை பிசிவி இறங்கியது. பசிக்கிறது என்றாள். அது போதும்.

அந்தத் திங்கட்கிழமை காலையில்தான், நான் குளித்து உடை மாற்ற வீட்டுக்கு வந்திருந்தபோது, கொசு ஒழிப்புப் பணியாளர் வந்தார். டெங்கு என்று உறுதியானால் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய்விடுமாம். நோயாளியின் வீட்டையும் சுற்றுப்பட்ட வீடுகளையும் சோதிப்பார்கள். ஐம்பது வயது இருக்கும் அந்த அக்காவுக்கு. கையில் டார்ச், ஒரு வெள்ளைக் கிண்ணம், தோளில் பை.

நான் பேச ஆரம்பித்தேன். காலி மனை, சாக்கடை, புகை அடிக்க ஆள் வராதது. அவர் கேட்டுக்கொண்டே நேராகச் சமையலறைக்குப் போனார்.

"சாக்கடைக் கொசு வேற சார். அது ராத்திரி கடிக்கும், தூக்கம் கெடும். யானைக்கால் அதால வரும். டெங்குக் கொசு சாக்கடைக்கே போவாது. அதுக்கு உங்க வீட்டு நல்ல தண்ணிதான் வேணும். காலைல வெயில் ஏறும்போதும், சாயந்திரம் பொழுது சாயறதுக்கு முன்னாடியும் கடிக்கும். கால்ல பாருங்க, வெள்ளை வெள்ளையா வளையம் போட்டிருக்கும்."

ஃபிரிட்ஜை நகர்த்தச் சொன்னார். பின்னால் அடியில் ஒரு தட்டு இருக்கிறது என்பதே, பத்து வருஷம் அந்த ஃபிரிட்ஜோடு வாழ்ந்த எனக்குத் தெரியாது. தண்ணீர் இருந்தது, புழு இல்லை. "தப்பிச்சீங்க." ஹாலில் மணி பிளான்ட் பாட்டில். அதில் இருந்தது: நூல் துண்டு மாதிரி நாலைந்து, டார்ச் வெளிச்சம் பட்டதும் நெளிந்து கீழே ஓடின. பிறகு டிரம். மூடி இருந்தது, ஆனால் மோட்டார் ஹோஸ் போகட்டும் என்று நான்தான் அதில் ஒரு ஓரத்தை வெட்டி வைத்திருந்தேன். கிண்ணத்தில் மொண்டு காட்டினார். வெள்ளைப் பீங்கானில் அவை தெளிவாகத் தெரிந்தன. புழுக்களோடு, கமா போட்டது மாதிரி தலை பெருத்து வளைந்த சில. "இது கூட்டுப்புழு. ரெண்டு நாள்ல பறந்துடும்."

அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் தினமும் தண்ணி மாத்துதேனே" என்றாள்.

"மாத்தறீங்களாம்மா, மேல மேல ஊத்தறீங்களா?"

அம்மா பதில் சொல்லவில்லை. எங்கள் வீட்டு டிரம் அடி வரை காலியாகி நான் பார்த்ததே இல்லை. பாதி குறைந்தால் நிரப்பிவிடுவாள். காலி டிரம் அவளுக்கு அபசகுனம்.

கடைசியாகப் பின்பக்கம். சன்ஷேடிலிருந்து மழைநீர் சொட்டிச் சொட்டி, ஆட்டுக்கல்லின் குழி நிறைந்திருந்தது. ஒரு படி தண்ணீர்கூட இருக்காது. தெளிந்த, அழகான தண்ணீர். டார்ச் அடித்ததும் குழி முழுக்கக் கொதித்தது மாதிரி இருந்தது. அங்கிருந்து மகள் படிக்கும் ஜன்னல் ஆறடி.

"இந்தக் கொசு ரொம்பத் தூரம் பறக்காது சார். நூறு மீட்டர், இருநூறு மீட்டர். உங்க வீட்டுல இல்லன்னா பக்கத்து வீடு. வேளச்சேரி ஏரியிலேர்ந்தா வரப்போவுது?"

பதிவேட்டில் எழுதிக்கொண்டார். புழு இருந்தால் அபராதம் போட விதி இருக்கிறது என்றும், இந்தத் தடவை போடவில்லை என்றும் சொன்னார். 1939ல் வந்த சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே கொசு வளர விடுவதைத் தடுக்க ஓர் அத்தியாயம் இருக்கிறது என்பதைப் பிறகு படித்தேன். இந்த ஊருக்கும் இந்தக் காய்ச்சலுக்கும் பழைய உறவு. 1780லேயே டெங்கு போன்ற ஒரு காய்ச்சல் மதராஸைப் பிடித்ததாகப் பதிவு உண்டு.

ஏடிஸ் எஜிப்டி என்ற இந்தக் கொசு ஆப்பிரிக்கக் காட்டில் மரப்பொந்துத் தண்ணீரில் முட்டையிட்டுக்கொண்டிருந்தது. மழை பொய்க்கும் இடங்களில் மனிதர்கள் பானையில் தண்ணீரைச் சேர்த்து வைக்க, அதுவும் வீட்டுக்குள் வந்துவிட்டது. கப்பலில் குடிதண்ணீர்ப் பீப்பாயில் ஏறி உலகம் சுற்றியது. குழாயில் தினம் தண்ணீர் வரும் வீட்டுக்கு டிரம் எதற்கு? கடையநல்லூரில் 2012ல் வீட்டுக்கு வீடு தொட்டியும் அண்டாவும் நிரம்பி இருந்ததற்குக் காரணம் அங்கிருந்தவர்களின் அசுத்தம் இல்லை. நாள் கணக்கில் தண்ணீர் வராது என்ற பயம். அந்தப் பயத்தைத்தான் அம்மா அண்டாவோடு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். மாவட்ட நிர்வாகத்தின் சுவரொட்டியில் "தண்ணீரைத் தேக்காதீர்" என்று அச்சடிப்பது சுலபம்.

அன்றிலிருந்து ஞாயிறு காலை எங்கள் வீட்டில் தேய்ப்பு நாள். ஏன் வாரம் ஒரு நாள் என்றால், முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள். அதற்குள் ஒரு தடவை சங்கிலியை அறுத்துவிட வேண்டும். கொட்டினால் மட்டும் போதாது என்பதை அந்த அக்காதான் சொன்னார். முட்டை தண்ணீரில் இல்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில், கறுப்புப் பொட்டுகளாக ஒட்டியிருக்கிறது. காய்ந்து போனாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த மழையில் தண்ணீர் ஏறித் தொட்டதும் பொரியும். "அப்போ கோடையில வெயில்ல கவுத்து வச்சதும் வீணா?" என்று அம்மா அதிர்ந்து போனாள். எனவே தேங்காய் நார், பிளீச்சிங் பவுடர், அழுத்தித் தேய்ப்பு. குடிதண்ணீரில் போடும் அளவு குளோரினுக்கு இந்தப் புழு அசையாது. சுவரைச் சுரண்டினால்தான் உண்டு. எளிதில் காலி செய்ய முடியாத சிமெண்ட் தொட்டிக்கு, புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றிப் போகிறார்கள். கப்பி மீன் விடலாம் என்றார்கள், விட்டோம். மகள் அவற்றுக்கு இட்லி போடுகிறாள், அவை புழுவைச் சீந்துமா என்று எனக்குச் சந்தேகம்.

டிரம் மூடியை மாற்றினேன். மேல் டேங்கின் ஓவர்ஃப்ளோ குழாய் வாயில் நைலான் வலை கட்டினேன். டேங்கும் கிணறும் சென்னையில் மலேரியாக் கொசுவின் வீடு, அது வேறு ஜாதி. அதன் புழு தண்ணீரின் மேல் தட்டையாகப் படுத்திருக்கும், மற்றவை தலைகீழாகத் தொங்கும். செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய்க்கும் ஒரு வலைத்துண்டு, நூறு ரூபாய்கூட ஆகவில்லை. ராத்திரிக் கொசு பாதியாகக் குறைந்தது. லிக்விட் இப்போது மகள் பள்ளி விட்டு வந்து படிக்கும் நேரத்தில், நாலு மணிக்கே எரிகிறது. பள்ளிக்குப் போகும்போது கை காலில் கொசு விரட்டிக் களிம்பு, முழுக்கால் லெகிங்ஸ். கட்டிலுக்கு அடியிலும் ஆணியில் தொங்கும் சட்டைகளுக்குப் பின்னாலும் இந்தக் கொசு பகலில் ஒளிந்திருக்கும் என்று தெரிந்த பிறகு, என் சட்டைகள் அலமாரிக்குள் போய்விட்டன. மனைவி பத்து வருஷமாகச் சொல்லியும் நடக்காதது.

சுருளை நிறுத்திவிட்டோம். மூடிய அறையில் ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிந்தால், அதிலிருந்து வரும் நுண்துகள் 75லிருந்து 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. கொசு போகிறதோ இல்லையோ, அம்மாவின் இருமல் போனது. தெருவில் புகை அடிக்கும் வண்டி வந்தால் முன்பு கைதட்டுவோம். அது அந்த நேரத்தில் பறக்கிற கொசுவைக் கொல்லும். டிரம்மில் இருப்பது நாளை பறக்கும்.

எல்லாம் செய்தும் நம் கையில் இல்லாதது பக்கத்து வீடு. எங்களுக்கு இடதுபுறம் ஒரு பூட்டிய வீடு, சொந்தக்காரர் வெளிநாட்டில். மொட்டை மாடியில் உடைந்த கமோடும் பெயின்ட் டப்பாக்களும். அங்கே யார் ஏறுவது? தெரு வாட்ஸ்அப் குழுவில் நான் எழுதிய நீண்ட செய்திக்கு மூன்று கும்பிடு வந்தது. கடைசியில் சாவி வைத்திருந்த வாட்ச்மேன் அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, நானே ஏறி எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டு வந்தேன். சட்டப்படி இது அத்துமீறலா என்று யோசிக்கவில்லை.

ஆட்டுக்கல்லில் மண்ணைக் கொட்டிச் செடி வைக்கலாம் என்றேன். "உங்க ஆச்சி மாவாட்டின கல்லுல மண்ணைப் போடுவியாலே?" என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். இப்போது அதன் மேல் ஒரு பழைய ஈயச்சட்டி கவிழ்ந்திருக்கிறது. மழை பெய்தால் டங் டங்கென்று சத்தம் வரும். ஞாயிறுதோறும் சட்டியைத் தூக்கி, குழியைத் துணியால் துடைப்பது அம்மாவின் வேலை. வேறு யாரையும் விடுவதில்லை.

போன வாரம் தண்ணீர் லாரி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது, டிரம்மில் முக்கால் தண்ணீர். நான் கவிழ்க்கப் போனேன். அம்மா டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து நிமிடம் நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. பிறகு உள்ளே போய் அப்பாவின் பழைய வேட்டியை எடுத்து வந்தாள். நாலாக மடித்துப் பக்கத்துக் காலி டிரம்மின் வாயில் விரித்துக் கட்டினாள். நான் மக்கில் மொண்டு ஊற்ற, அவள் துணியைப் பிடித்துக்கொண்டாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசி மக் வடிந்ததும், காலியான டிரம்மைத் தேய்க்க நார் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேட்டியைக் கிட்டத்தில் பார்த்தாள்.

"ரெண்டு கெடக்கு" என்றாள். வெயிலில் கொண்டுபோய் விரித்துப் போட்டாள்.